டெல்டாவின் பிள்ளைகள் – 9: சளி பிடிக்காத மார்கழி

சென்ற வாரம் வயிற்றுப்போக்கையும் உப்புச் சர்க்கரைக் கரைசலையும் பார்த்தோம். இந்த வாரம் நெஞ்சுச் சளி.

ஐப்பசி அடைமழையில் சம்பாப் பயிர் தூர் கட்டும். வீட்டில் கைப்பிள்ளைக்கு நெஞ்சு கட்டும். தஞ்சாவூர்ப் பக்கம் இரண்டும் ஒரே பருவம். வடகிழக்குப் பருவமழை மாதங்கள்தான் நம் ஊர் ஃப்ளூ காலமும். 2020இல் மேட்டூர் அணை ஜூன் 12ஆம் தேதியே திறந்தது, சம்பாவும் வழக்கம்போல் விளைந்தது. பிள்ளைகளின் இருமல் மட்டும் கேட்கவில்லை. "இந்த வருசம் புள்ளைக்கு மூக்கே ஒழுகல" என்று அந்த மார்கழியில் பாட்டிகள் வியந்து பேசியது எனக்கு நினைவிருக்கிறது.

காரணம் கண்ணுக்கு எதிரே இருந்தது. கொரோனா ஊரடங்கால் அந்த மார்ச்சிலேயே பள்ளிகளும் அங்கன்வாடிகளும் மூடிவிட்டன. கல்யாணத்துக்கு 50 பேர்தான். பிள்ளை பெற்ற வீட்டுக்குக் குழந்தை பார்க்க வருகிறவர்கள் அறவே குறைந்தார்கள். வந்த ஒருவர் இருவரும் முகக்கவசத்தோடு திண்ணையிலேயே நின்று பார்த்துவிட்டுப் போனார்கள்.

ஆனால் ஒரு சந்தேகம் வரத்தான் வேண்டும். பஸ் ஓடாத நாளில் ஒரத்தநாட்டுக்கு அப்பாலிருக்கும் கிராமத்திலிருந்து தஞ்சாவூர் ராசா மிராசுதார் மருத்துவமனைக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எப்படி வருவது? நோய் குறைந்ததா, ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள் குறைந்தார்களா?

விடை வேறு நாடுகளிலிருந்து வந்தது. 26 நாடுகளின் ஆய்வகக் கணக்கை ஆய்வாளர்கள் சேர்த்துப் பார்த்தார்கள். நிமோனியாவுக்கு முக்கியக் காரணமான நியூமோகாக்கஸ் கிருமி ரத்தத்திலும் மூளை உறையிலும் உண்டாக்கும் கடும் நோய்கள் 2020 தொடக்கத்திலேயே சரசரவென்று இறங்கியிருந்தன. இருமலிலும் தும்மலிலும் பரவாத 'பி குரூப்' ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற கிருமியின் கணக்கோ அப்படியே நின்றது. வந்தவர்கள் குறைந்ததுதான் காரணம் என்றால் இரண்டும் சேர்ந்தல்லவா குறைந்திருக்க வேண்டும்? காற்றில் பரவுவது மட்டும் குறைந்தது. இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை.

இஸ்ரேலில் இன்னொன்று கண்டார்கள். எனக்கு இதுதான் பெரிய செய்தி. அங்கே சின்னப் பிள்ளைகளின் மூக்கில் நியூமோகாக்கஸ் ஏறக்குறைய முன்போலவே குடியிருந்தது. நோய்தான் இல்லை. ஏனென்றால் ஆர்.எஸ்.வி., ஃப்ளூ போன்ற வைரஸ்கள் அந்தக் காலத்தில் காணாமல் போயிருந்தன. வைரஸ் வந்து மூச்சுக்குழாயின் உள்தோலைப் புண்ணாக்கினால்தான், மூக்கில் சும்மா கிடக்கும் பாக்டீரியா நுரையீரலுக்கு இறங்க வழி கிடைக்கிறது. சாதாரணச் சளிதானே என்று நாம் விட்டுவிடுவதுதான் பல நேரம் கதவைத் திறந்துவிடுகிறது.

போனவை திரும்பியும் வந்தன. தமிழகத்தில் 1 முதல் 8 வரையிலான வகுப்புகள் 2021 நவம்பர் 1 அன்று திறந்தன. ஊரடங்கில் பிறந்து சளியையே அறியாத குழந்தைகளும், இரண்டு வருடம் அதை மறந்திருந்த பிள்ளைகளும் ஒரே நேரத்தில் வைரஸ்களின் முன் நின்றார்கள். 2022 செப்டம்பரில் காய்ச்சல் பெருகிப் புதுச்சேரி சிறு வகுப்புகளுக்கு விடுமுறை விட்டது. 2023 மார்ச்சில் தமிழக அரசு ஒரே நாளில் 1,000 காய்ச்சல் முகாம்கள் நடத்தியது. ஃப்ளூவில் 'யமகாட்டா' என்ற ஒரு வகை மட்டும் 2020 மார்ச்சுக்குப் பிறகு உலகில் எங்குமே உறுதியாகத் தென்படவில்லை.

இதனால் பள்ளியை மூடுவதுதான் வைத்தியம் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. அந்த ஒன்றரை வருடத்தில் நம் பிள்ளைகள் இழந்த எழுத்தையும், பள்ளியில் கிடைத்த சூடான சத்துணவையும் எந்த ஆரோக்கியக் கணக்கிலும் ஈடுகட்ட முடியாது. நாம் வைத்துக்கொள்ள வேண்டியது சின்ன விஷயம். சளி பிடித்த பெரியவர், தாத்தாவே ஆனாலும், கைப்பிள்ளையை முத்தமிடாமல் இருக்கட்டும். சளி பிடித்த தாய் முகக்கவசம் போட்டுக்கொண்டு பால் கொடுக்கட்டும்; பாலை நிறுத்த வேண்டாம். விறகடுப்புப் புகையருகே தூளி கட்ட வேண்டாம்.

பெருந்தொற்றின் நடுவிலேயே, 2021 ஜூலையில், நியூமோகாக்கஸ் தடுப்பூசி தமிழக அரசு மருத்துவமனைகளில் இலவசமாக வந்தது. ஒன்றரை மாதம், மூன்றரை மாதம், ஒன்பதாம் மாதம் என்று மூன்று ஊசிகள். பிள்ளையின் தடுப்பூசி அட்டையை எடுத்து ஒருமுறை பாருங்கள். விட்டுப்போயிருந்தால் கிராம செவிலியரிடம் கேளுங்கள்.

பிள்ளைக்குச் சளியும் இருமலும் இருந்தால், அழாமல் படுத்திருக்கும் நேரம் பார்த்துச் சட்டையை உயர்த்தி, முழுதாக ஒரு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 60, ஒரு வயது வரை 50, அதற்கு மேல் ஐந்து வயது வரை 40. இந்த எண்ணைத் தொட்டாலோ தாண்டினாலோ உடனே டாக்டரிடம் காட்டுங்கள். மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே பள்ளம் விழுந்தாலோ, பால் குடிக்க மறுத்தாலோ 108ஐ அழையுங்கள். விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.