தனியாளின் வேலையும் நாட்பதிவேடும்

நெடுந்தீவிலே காணிகளைச் சூழ்ந்து நிற்கும் பவளக்கல் மதில்கள் சாந்து பூசிக் கட்டப்பட்டவை அல்ல. கல்லோடு கல் பொருந்த அடுக்கி எழுப்பப்பட்டவை. அத்தகைய மதிலை அடுக்குபவனுக்கு அவனுடைய வேலையின் அளவை வேறொருவர் எடுத்துச் சொல்லவேண்டியதில்லை. காலையில் முழங்கால் உயரம் நின்ற மதில் மாலையில் இடுப்பளவுக்கு வந்திருப்பின், அன்றைய உழைப்பு அவன் கண்முன்னே நிற்கிறது. கடற்றொழிலாளிக்கு அன்றைய பாட்டைத் தராசு சொல்லிவிடும். தோட்டக்காரனுக்குப் பாத்தி சொல்லிவிடும்.

ஆனால், கண்ணுக்குத் தோன்றாத வேலையும் உண்டு. கணினிக்கு நிரல் எழுதுதல் அத்தகையது. காலை முதல் மாலை வரை ஒருவர் கணினியின் முன் அமர்ந்திருந்தும் திரையில் யாதொரு மாற்றமும் தோன்றாதிருக்கலாம். நூறு வரிகள் எழுதப்பட்ட நாள் வீணாயிருக்கலாம். இருபது வரிகள் அழிக்கப்பட்ட நாளே பெரும்பயன் தந்த நாளாயிருக்கலாம். பலர் கூடிச் செய்யும் இடத்தில் மேற்பார்ப்பவர் கேட்பார், தோழர் உசாவுவார். தனியே செய்பவருக்கோ கேட்பாரும் இல்லை, உசாவுவாரும் இல்லை. அந்த இரண்டு பேருக்கும் ஈடாக நிற்கக்கூடிய எளிய துணை ஒன்று உண்டு. அதுவே நாட்பதிவேடு.

இணையச் செயலி என்பது யாது என்பதை முதலில் சுருக்கமாகக் கூறுதல் வேண்டும். கைத்தொலைபேசியிலோ கணினியிலோ ஓர் இணைய முகவரியைத் திறந்த அளவில், செய்தியை வாசிப்பதோடு அமையாது, விவரம் கேட்கவும் பதியவும் மாற்றவும் இடந்தரும் ஏற்பாடே இணையச் செயலி. அதற்கு மூன்று உறுப்புகள் உண்டு. பயனாளர் காணும் முகப்பு ஒன்று. தொலைவில் இருந்து கேள்விக்கு விடை அனுப்பும் வழங்கி மற்றொன்று. விவரங்களைச் சேமித்து வைக்கும் தரவுத்தளம் மூன்றாவது. பெரிய நிறுவனங்களில் இம்மூன்றையும் மூன்று குழுவினர் கவனிப்பர். தனியாள் செய்யும்போது மூன்றும் ஒருவர் தலையிலேயே விழுகின்றன.

எடுத்துக்காட்டாக, வேலணையில் வாழும் இளைஞர் ஒருவர் தீவுகளுக்கான படகுச் சேவையை அறிவிக்கும் செயலி ஒன்றை அமைக்க முனைகிறார் எனக் கொள்க. புங்குடுதீவின் குறிகட்டுவான் இறங்குதுறையில் இருந்து நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் படகுகள் செல்கின்றன. காற்று மிகுந்த நாளில் நேரம் மாறும். சில வேளை சேவையே நிற்கும். யாழ்ப்பாண வைத்தியசாலைக்குச் செல்லவேண்டிய முதியவரும், தீவுப் பாடசாலையில் கற்பிக்கும் ஆசிரியரும் இதனை வீட்டிலிருந்தே அறிய முடியுமாயின் அது சிறிய உதவியன்று. வேலையின் நோக்கம் தெளிவானது. ஆயினும் அதனை முடிக்கப் பல மாதங்கள் செல்லலாம். மாலையில் மட்டுமே ஓய்வு கிடைக்கும். இடையே மின்தடை வரும். இணையத் தொடர்பு மெலியும். நடுவழியில் அவர் தாம் எங்கே நிற்கிறார் என்பதை எவ்வாறு அறிவார்?

இக்கேள்விக்கு விடையைக் கடலோடிகள் முன்னரே கண்டிருந்தனர். கரை மறைந்தபின் மாலுமிக்கு அடையாளம் யாதும் இல்லை. அக்காலத்து மேலைநாட்டுக் கப்பல்களில் மரத்துண்டு ஒன்றைக் கயிற்றிற் கட்டிக் கடலில் எறிவர். கயிற்றில் ஒரே இடைவெளியில் முடிச்சுகள் இருக்கும். ஏறத்தாழ அரை நிமிட மணற்கடிகை வடிந்து முடிவதற்குள் எத்தனை முடிச்சுகள் கைவழியே ஓடின என்று எண்ணுவர். அவ்வெண்ணிக்கையே மணிக்கு இத்தனை கடல்மைல் என்னும் வேகம். வேகத்தையும் திசையையும் கழிந்த நேரத்தையும் ஏட்டில் எழுதிக் கணக்கிட்டால், கப்பல் நிற்கும் இடம் ஏறத்தாழத் தெரியவரும். அம்மரத்துண்டுக்கு ஆங்கிலத்தில் ‘லொக்’ என்று பெயர். அதன் அளவைக் குறித்த ஏடு ‘லொக் புத்தகம்’ ஆயிற்று. இலங்கைப் பாடசாலைகளில் அதிபர் எழுதும் சம்பவத் திரட்டுப் புத்தகத்துக்கும், கணினி தன் இயக்கத்தைத் தானே குறித்துவைக்கும் பதிவுக்கும் அப்பெயரே வழங்குகிறது. வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட அன்னபூரணி என்னும் பாய்க்கப்பல் 1938 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்தை அடைந்தது என்பதை யாழ்ப்பாணத்தார் பெருமையோடு நினைவுகூர்வர். அத்தகைய நெடும்பயணத்தில் இன்று எவ்விடத்தில் நிற்கிறோம் என்னும் அறிவு பாய்க்கும் சுக்கானுக்கும் குறைந்ததன்று.

கணினித் துறையிலே இத்தகைய பதிவேட்டுக்குச் சிறந்த சான்று டொனால்ட் குனூத் என்னும் அமெரிக்கப் பேராசிரியர் வைத்திருந்த ஏடு. 1977 ஆம் ஆண்டில் அவருடைய நூலொன்றின் மறுபதிப்புக்கு வந்த அச்சுப்படிகள் அவருக்கு மனநிறைவு தரவில்லை. ஆதலின், நூல்களை அழகுற அச்சுக்கோக்கும் நிரல் ஒன்றைத் தாமே ஆக்கத் துணிந்தார். ‘டெக்’ என்பது அதன் பெயர். முதல் முன்மாதிரியில் மாணவர் இருவர் உதவினர். பின்னர் நிரலைத் தாமே எழுதினார். குறுகிய காலத்தில் முடியும் என அவர் எண்ணிய வேலை ஏறத்தாழப் பத்தாண்டுகளை எடுத்துக்கொண்டது.

1978 ஆம் ஆண்டில் நிரலைச் சோதிக்கத் தொடங்கியது முதல், செய்த ஒவ்வொரு திருத்தத்தையும் அவர் ஏட்டிற் குறித்து வந்தார். 1989 இல் அவ்வேட்டை ஆராய்ச்சிக் கட்டுரையோடு சேர்த்து உலகறிய வெளியிட்டார். அதிலே எண்ணூற்றைம்பதுக்கு மேற்பட்ட பதிவுகள் உள்ளன. அவற்றைப் பதினைந்து வகைகளாகப் பிரித்திருந்தார். வழிமுறையே தவறியது ஒரு வகை. செய்ய மறந்தது ஒரு வகை. எதிர்பாராத சூழ்நிலையால் விளைந்தது ஒரு வகை. வெறும் எழுத்துப் பிழை மற்றொரு வகை. தன் பிழைகளைக் குறிப்பவர் பலர் உளர். அவற்றை வகைப்படுத்தி, எவ்வகையான பிழை தமக்கு அடிக்கடி நேர்கிறது என்று அறிபவர் சிலரே. டெக் இன்றும் உலகெங்கும் கணித நூல்களை ஆக்கப் பயன்படுகிறது.

இனி, இந்த ஏட்டில் எதனை எழுதுவது என்பதைக் காண்போம். பலர் தொடக்கத்தில் மணிக்கணக்கை எழுதுவர். ‘இன்று நான்கு மணித்தியாலம் வேலை’ என்னும் குறிப்பு உழைப்பைச் சொல்கிறதேயன்றி இருக்கும் இடத்தைச் சொல்லவில்லை. வேறு சிலர் எழுதிய வரிகளை எண்ணுவர். மதிலின் நீளத்தை அளவாது கற்களின் எடையை அளப்பதை ஒக்கும் அது. பயன்தரும் பதிவுக்கு நான்கு கேள்விகள் போதும். இன்று எது இயங்கத் தொடங்கியது? எது தடைப்பட்டது? எந்த முடிவு, எக்காரணத்தால் எடுக்கப்பட்டது? நாளைக்கு முதலில் செய்யவேண்டியது எது?

முன்னர்க் கூறிய படகுச் செயலியில் நல்ல பதிவொன்று இவ்வாறு அமையும்: ‘நெடுந்தீவுப் படகின் நேரத்தை மாற்றினால் மாற்றம் கைத்தொலைபேசியில் தோன்றுகிறது. காற்றினாற் சேவை நின்றதை அறிவிக்க வழி இல்லை. படங்கள் நீக்கப்பட்டன; தொடர்பு மெலிந்த இடத்தில் பக்கம் திறக்கத் தாமதித்தமையே காரணம். நாளைக்கு, சேவை நிறுத்தம் என்னும் குறியீட்டைத் தரவுத்தளத்தில் சேர்த்தல்.’ இதனை எழுதப் பத்து நிமிடம் போதும். மறுநாள் மாலை களைப்போடு அமரும்போது எங்கே தொடங்குவது என்று தேடி அரைமணி நேரம் கழியாது. ஆறு மாதம் கழித்துப் படங்களை மீண்டும் சேர்க்க ஆசை எழுமாயின், நீக்கிய காரணம் கண்ணில் படும்.

வேலை நடவாத நாளையும் விடாது குறித்தல் வேண்டும். மின்சாரம் இல்லை, உறவினர் வீட்டுத் திருமணம், கடல் கொந்தளித்துப் படகு இல்லை என்று காரணத்தை ஒரு சொல்லில் எழுதினாற் போதும். ஒரு மாதம் சென்றபின் ஏட்டைப் புரட்டினால், எத்தனை நாள் தம் சோம்பலால் போயின, எத்தனை நாள் சூழலால் போயின என்பது விளங்கும். முன்னதற்கு நாணலாம், பின்னதற்கு வருந்துவது வீண்.

தனியாளை மிகுதியும் ஏமாற்றுவது, முடித்ததை மட்டும் எண்ணும் வழக்கம். ஒரு கணக்கினால் இதனை விளக்கலாம். வேலை தொடங்கும்போது நாற்பது பணிகள் எழுதப்பட்டன எனக் கொள்க. முதல் வாரத்தில் ஆறு முடிந்தன. ஆனால் முன்பு நினையாத ஒன்பது பணிகள் புதிதாகத் தோன்றின. எஞ்சியவை நாற்பத்து மூன்று. முடித்ததை மட்டும் எழுதியவர் ஆறு என்று மகிழ்வார். உண்மையில் கரை சற்றே தூரப்போயிருக்கிறது. இரண்டாம் வாரத்தில் ஏழு முடிந்து மூன்று தோன்றின: எஞ்சியவை முப்பத்தொன்பது. மூன்றாம் வாரத்தில் ஏழு முடிந்து ஒன்று தோன்றிற்று: எஞ்சியவை முப்பத்து மூன்று. இப்பொழுதுதான் வாரத்துக்கு ஆறு குறைகிறது என்றும், இன்னும் ஏறத்தாழ ஆறு வாரம் வேண்டும் என்றும் துணிந்து கூறலாம். முதல் வாரத்தில் எண்ணிக்கை கூடியமை தோல்வியன்று. வேலையின் உண்மையான பரப்பு தெரியவந்தமையே அது. இதனை அறியாது, ‘எவ்வளவு செய்தும் குறையவில்லையே’ என்று மனம் சோர்ந்து கைவிட்டோர் பலர்.

நிரலாளருக்கு மற்றொரு துணைக்கருவியும் இன்று உண்டு. லினக்ஸ் என்னும் இயக்குதளத்தைத் தோற்றுவித்த லினஸ் டோர்வால்ட்ஸ் 2005 ஆம் ஆண்டு ஏப்ரல் 3 ஆம் நாள் ‘கிட்’ என்னும் நிரலை எழுதத் தொடங்கினார். 7 ஆம் நாள் அது தன் சொந்த நிரலையே தன்னுட் பதிந்துகொண்டது. ஒவ்வொரு மாற்றத்தையும், செய்தவர் பெயர், நாள், நேரம், சிறுகுறிப்பு ஆகியவற்றோடு சேமித்துவைப்பது அதன் தொழில். தவறு நேர்ந்தால் முன்னைய நிலைக்குத் திரும்பலாம். ஆயினும், எது மாறியது என்பதையே அக்கருவி தானாகக் காட்டும். ஏன் மாறியது என்பதை மனிதனே எழுதவேண்டும். ‘திருத்தம்’ என்று ஒரே சொல்லில் குறிப்பெழுதும் வழக்கம் உடையவருக்குக் கிட் பெரிதும் உதவாது.

எச்சரிக்கை சிலவும் உண்டு. கடவுச்சொற்களையும் பயணிகளின் தொலைபேசி எண்களையும் பதிவேட்டில் எழுதலாகாது. ஏட்டின் படி ஒன்று வேறிடத்திலும் இருத்தல் வேண்டும். மாரி மழையும் பழுதான கணினியும் முன்னறிவித்து வருவதில்லை. ஏட்டை அழகுபடுத்துவதிலேயே மாலைப்பொழுதைக் கழிப்பதும் தகாது. பதிவு வேலைக்காகவேயன்றி, வேலை பதிவுக்காக அன்று.

தனியாள் எழுதும் ஏடு தனக்காக மட்டும் அன்று என்பதையும் இவ்விடத்தில் கூறுதல் தகும். 1990 ஆம் ஆண்டை அடுத்துப் போரினால் தீவக மக்களுட் பெரும்பகுதியினர் தம் ஊர்களை விட்டு நீங்கினர். பலருடைய பிள்ளைகள் கனடாவிலும் பிரான்சிலும் சுவிற்சர்லாந்திலும் வாழ்கின்றனர். இன்றும் படித்த இளைஞர் வேலை தேடி வெளியே செல்வது இயல்பாகிவிட்டது. ஆகவே, இங்கே ஒருவர் தனியே தொடங்கும் நற்பணிக்கு மிகப்பெரிய ஆபத்து கருவிக் குறைவு அன்று, செய்தவர் போய்விடுதல். அவர் தலைக்குள் மட்டும் இருந்த காரணங்கள் அவரோடு விமானம் ஏறிவிடுகின்றன. பின்வருபவர் அந்நிரலைத் திறந்து பார்த்துப் பொருள் விளங்காது, முதலில் இருந்து தொடங்குகிறார். அவரும் போனபின் மூன்றாமவர் தொடங்குகிறார். ஊர் ஒன்றேயாயினும் வேலை மூன்று முறை பாதியில் நிற்கிறது.

தமிழ்க் கணினித்துறையின் தொடக்கத்திலும் தனியாட்களின் உழைப்பு பெரிது. மலேசியாவில் முத்து நெடுமாறன் 1985 இல் முரசு அஞ்சலைத் தொடங்கினார். தமிழ்நாட்டின் அதிராம்பட்டினத்தைச் சேர்ந்த உமர் தம்பி தேனீ எழுத்துருவை ஆக்கி அளித்து, 2006 இல் மறைந்தார். ஈழத்துத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் இணையத்திற் சேர்க்கும் நூலகத் திட்டம் 2005 இல் தன்னார்வலரால் தொடங்கப்பட்டு, பல கைகள் மாறியும் தொடர்கிறது. ஒருவர் விட்ட இடத்தை மற்றவர் அறியக்கூடியதாயிருந்தால் மட்டுமே பணி ஆள்மாறியும் நிலைக்கும்.

ஆகவே, தனியே ஒரு செயலியை ஆக்க விரும்பும் இளைஞர், முதல் வரி நிரல் எழுதுமுன் ஒரு கொப்பியை வாங்கி, முதற்பக்கத்தில் நாளையும், செய்ய எண்ணிய வேலையையும், அது யாருக்குப் பயன்படும் என்பதையும் எழுதிவைப்பாராக. பின்னர் நாள்தோறும் நான்கு கேள்விகளுக்கு விடை எழுதுவாராக. வேலை முடியுமாயின் அவ்வேடு அவருடைய கல்விச் சான்று. முடியாது அவர் ஊரைவிட்டுப் போக நேருமாயின், அவருக்குப் பின் அதே மேசையில் வந்து அமர்பவர் முதலில் திறக்கவேண்டிய பக்கம் எது என்பது தெரிந்திருக்கும்.