வேன் கட்டிப் போனோம், சட்டி கழுவின தண்ணியை எங்கே கொட்டினோம்?

(மூன்றாம் ஆண்டு சிவில் மாணவர் ஒருவர்)

கேரவன் என்று சொன்னதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? ஷூட்டிங் நடக்கிற இடத்தில் நிற்குமே, ஹீரோ ஏறி உட்கார்ந்துகொள்ளும் அந்த ஏ.சி. பஸ்தானே? வெளிநாடுகளில் அது சாதாரணக் குடும்பத்துச் சமாச்சாரம். காருக்குப் பின்னால் ஒரு குட்டி வீட்டைக் கோர்த்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். அதற்குள்ளேயே அடுப்பு, படுக்கை, கக்கூஸ் எல்லாம் உண்டு. இரவு தங்குவதற்கென்று தனி மைதானங்கள் இருக்கின்றன.

"அதுக்கும் நமக்கும் என்னடா சம்பந்தம்?" என்று கேட்காதீர்கள். நம்ம ஜில்லாவில் கேரவன் காலங்காலமாக ஓடுகிறது. ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்து அய்யனார் கோயிலுக்கு அரிசி, பருப்பு, அண்டா, ஜமக்காளம் எல்லாம் ஏற்றிக்கொண்டு போய், ஆற்றங்கரையில் குடில் போட்டுத் தங்குகிறோமே, அது என்ன? பங்குனி உத்திரத்துக்குக் குலசாமி சாஸ்தா கோயிலில் வேனுக்கு அடியில் பாய் விரித்துப் படுக்கிறோமே, அது என்ன? எங்க அப்பா வேன் டிரைவர். அஞ்சாம் வகுப்போடு நின்றவர். அவர் இப்படிக் கொண்டுபோய் இறக்கிய குடும்பங்களுக்குக் கணக்கே கிடையாது.

வெளிநாட்டுக் கேரவனுக்கும் நம்ம வேனுக்கும் ஒரே ஒரு பெரிய வித்தியாசம். அங்கே வண்டியிலோ, வண்டிக்கு அடியிலோ கழிவுநீருக்கென்று ஒரு தொட்டி இருக்கும். நமக்கு அந்தத் தொட்டி தாமிரபரணிதான்.

நான் ஏழாவது படிக்கும்போது சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குப் போயிருந்தோம். சித்தி குடும்பம், பெரியப்பா குடும்பம் எல்லாம் சேர்த்து 25 பேர், 3 நாள் தங்கல். சட்டி கழுவுவது என் டியூட்டி. கறிக்குழம்புச் சட்டியை ஆற்றுக்குள்ளேயே முக்கிச் சோப்புப் போட்டுத் தேய்த்தேன். தண்ணிமேல் எண்ணெய் கலர் கலராக விரிந்து போனது. சோற்றுப் பருக்கைக்கு மீன் கூட்டமாக வந்தது. "மீனுக்குப் போட்டா புண்ணியம்ல" என்றாள் ஆச்சி. எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

ஆச்சி வீடு சேரன்மகாதேவிப் பக்கம். அந்த வீட்டுக் குழாயில் வருவதும் ஆற்றுத் தண்ணிதான். கோயிலடியில் ஓடுகிற தண்ணி பாபநாசம் இறங்கி, விக்கிரமசிங்கபுரம், அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி என்று வந்து, அதற்கப்புறம் சேரன்மகாதேவி, திருநெல்வேலி, ஸ்ரீவைகுண்டம் எல்லாம் தாண்டித்தான் புன்னைக்காயலில் கடல் சேர்கிறது. நான் சட்டி கழுவிய தண்ணியில் கொஞ்சத்தை ஆச்சி குடித்திருப்பாள், நானும் குடித்திருப்பேன். இது அன்றைக்கு எனக்குத் தோன்றவே இல்லை. சிவிலில் சுற்றுச்சூழல் பொறியியல் பாடம் எடுத்தபோதுதான் திக்கென்றது.

"ஓடுற தண்ணிக்கு அழுக்கு ஏது?" என்று பெரியவர்கள் சொல்வார்கள். அதில் பாதி உண்மை. ஓடும் தண்ணியில் காற்று கலக்கும், அதிலுள்ள ஆக்சிஜனைக் கொண்டு நுண்ணுயிர்கள் அழுக்கைத் தின்றுவிடும். ஆனால் அளவு என்று ஒன்று இருக்கிறதே! அழுக்கைத் தின்ன எவ்வளவு ஆக்சிஜன் செலவாகிறது என்பதைத்தான் பி.ஓ.டி. என்கிறோம். நம் நாட்டு முறைப்படி 27 டிகிரியில் 3 நாள் வைத்திருந்து அளக்கிறார்கள். குளிப்பதற்கு ஏற்ற தண்ணியில் அது லிட்டருக்கு 3 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது என்பது மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் விதி. வீட்டுக் கழிவுநீரில் 200, 250 என்று சர்வசாதாரணமாக இருக்கும். 250ஐ 3ஆல் வகுத்துப் பாருங்கள். ஒரு குடம் கழிவுநீரை ஆற்றில் ஊற்றினால், அதைக் குளிக்கிற தரத்துக்குக் கொண்டுவர 80 குடத்துக்கு மேல் சுத்தமான தண்ணி வேண்டும். அந்தச் சுத்தமான தண்ணியில் வேறு யாரும் எதையும் ஊற்றியிருக்கக்கூடாது!

எங்கள் 25 பேர் கணக்கைப் போடுவோம். ஆளுக்கு ஒரு நாளைக்கு 20 லிட்டர் என்று குறைத்தே வைத்தாலும், 3 நாளில் 1500 லிட்டர். ஒரு குடம் 15 லிட்டர் என்றால் 100 குடம். இது ஒரு குடும்பத்துக்கு மட்டும். ஆடி அமாவாசைக் கூட்டத்தை நேரில் பார்த்தவர்கள் மிச்சக் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். அந்தக் கோயில் இருப்பதோ களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள். 1988இல் அறிவிக்கப்பட்ட, தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம் அது. வனத்துறை வண்டிக்கும் தங்கும் நாளுக்கும் கட்டுப்பாடு வைத்தால் நமக்குக் கோபம் வருகிறது. எங்க வீட்டிலும் வந்தது. அப்பாவுக்கு வாடகை போச்சே!

சரி, ஆற்றில் ஊற்றக்கூடாது என்றால் வேறு எங்கே ஊற்றுவது?

முதலில் தண்ணியை இரண்டாகப் பிரிக்கணும். குளித்தது, சட்டி கழுவினது, துணி அலசினது ஒரு வகை. கக்கூஸ் தண்ணி இன்னொரு வகை. இரண்டையும் ஒருநாளும் கலக்கக்கூடாது. வெளிநாட்டுக் கேரவன் மைதானங்களில் முதல் வகையைச் சக்கரம் வைத்த டிரம்மில் பிடித்து, உருட்டிக்கொண்டு போய் அதற்கென்று உள்ள வடிகாலில் ஊற்றுகிறார்கள். கக்கூஸ் பெட்டியைத் தனியாகக் கழற்றி வேறோர் இடத்தில் கொட்டுகிறார்கள். மழைநீர் வடிகாலில் எதையும் ஊற்றக்கூடாது, ஏனென்றால் அது சுத்திகரிப்புக்குப் போகாமல் நேராக ஆற்றுக்குப் போய்விடும். நம்ம ஊர்ச் சாக்கடை பல இடத்தில் வாய்க்காலில் விழுவதைத் தினமும் பார்க்கிறோம், புதுசாகச் சொல்ல வேண்டியதில்லை.

முதல் வகைத் தண்ணிக்கு நல்ல சுத்திகரிப்பு நிலையம் நம்ம காலடியில் இருக்கிறது. மேல்மண்தான் அது. மேலாக ஓரடி, ஒன்றரை அடி மண்ணில்தான் நுண்ணுயிர்கள் நிறைய உண்டு, காற்றும் புகும். கழிவுநீர் அதில் மெதுவாக இறங்கினால் சோப்பையும் எண்ணெயையும் அவை தின்றுவிடும், தாவரம் மிச்சத்தை உறிஞ்சிக்கொள்ளும். ஆழமாகத் தோண்டி ஊற்றினால் இந்த வேலை நடக்காது. ஆற்றுக்குப் பக்கத்தில் ஊற்றினாலும் நடக்காது, மணல் வழியாக ஓடியே போய்விடும். 200 அடியாவது தள்ளி ஊற்றணும். நடந்தால் எழுபது, எண்பது எட்டு.

இதெல்லாம் புத்தகத்தில் படித்ததும் எனக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது. போன பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயிலில் 32 பேர் தங்கினோம். அது காட்டுக்கு வெளியே, வயலை ஒட்டிய கோயில். நான் ஒரு உறிஞ்சுகுழி வெட்டுவேன் என்று அறிவித்துவிட்டேன். மூன்றடி நீளம், மூன்றடி அகலம், மூன்றடி ஆழம். உள்ளே உடைந்த செங்கல்லை நிரப்பினேன். தம்பிமாரெல்லாம் வேர்த்து விறுவிறுத்து வெட்டினார்கள். காலையில் பாத்திரம் கழுவினது, பொம்பளைகள் குளித்தது எல்லாம் அதில் விட்டோம். மத்தியானம் சாப்பாட்டுப் பந்தி முடியுமுன்னே குழி நிரம்பி, மோர் சாதமும் சோப்பு நுரையுமாக வாய்க்காலைப் பார்த்து ஓட ஆரம்பித்தது.

"ஏலே, டிப்ளமாத் தண்ணி ஏறி வருதுல பாரு!" என்றார் பெரியப்பா. எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. எங்க குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறின முதல் ஆள் நான்தான் என்பதால் அந்தச் சிரிப்பு கொஞ்சம் அதிகமாகவே உறைத்தது.

தப்பு எங்கே? குழியின் கொள்ளளவு 27 கன அடி, அதாவது சுமார் 760 லிட்டர். ஆனால் செங்கல் போக உள்ள இடைவெளி அதில் பாதிகூட வராது. அது சின்னத் தப்பு. பெரிய தப்பு, மண்ணைச் சோதிக்கவில்லை. வயலோரக் களிமண் அது. குழி வெட்டுமுன் சின்னதாக ஒரு துளை போட்டு, தண்ணி ஊற்றி மண்ணை நன்றாக ஊறவைத்து, அப்புறம் மறுபடி ஊற்றி, தண்ணி 25 மில்லிமீட்டர் இறங்க எத்தனை நிமிஷம் ஆகிறது என்று பார்க்கணும். மணல்சாரி மண்ணில் சட்டென்று இறங்கும். ஒரு மணி நேரம் ஆகியும் இறங்காத மண்ணில் உறிஞ்சுகுழி போடுவது வீண். பரீட்சையில் இதை எழுதி மார்க் வாங்கியவன்தான் நான்!

அப்பா ஒன்றும் பேசவில்லை. மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கோயிலுக்குப் பின்னால் வாய்க்காலுக்கு எதிர்ப்பக்கம் இருந்த செம்மண் மேட்டுக்குப் போனார். அங்கே நாலு தென்னை நின்றது. அரையடி ஆழத்துக்கு நீளமாக ஒரு சால் வெட்டி, மரத்துக்கு மரம் கிளை பிரித்துவிட்டார். "பரவலா விடணும்ல. ஒரே இடத்துல கொட்டுனா மண்ணு எப்பிடிக் குடிக்கும்?" என்றார். சாயந்திரம் வரை குடம் குடமாகச் சுமந்து அதில்தான் ஊற்றினோம். ஒரு சொட்டு தேங்கவில்லை. இதே சங்கதியை எங்கள் பாடத்தில் பரப்புச் சால் என்று போட்டிருக்கிறது.

அந்தச் சாலில் நான் சேர்த்தது ஒன்றே ஒன்று. வாய்ப்பக்கம் பழைய வேட்டித் துணியைக் கட்டி வடிகட்டினேன். பருக்கையும் கொழுப்பும் மண்ணின் கண்ணை அடைத்துவிடும், நாலு நாளில் நாற்றமும் எடுக்கும். துணியில் நின்றதைத் தனியாகப் புதைத்துவிட்டோம். சித்தி இன்னும் நல்ல யோசனை சொன்னாள். சட்டியை முதலில் சாம்பல் போட்டு வழித்து எடுத்துவிட்டால் பாதித் தண்ணியும் பாதிச் சோப்பும் போதும். சாப்பாட்டுக்கு வாழை இலை இருக்கும்போது தட்டு கழுவுகிற பிரச்சினையே இல்லை.

கக்கூஸ் விஷயத்தில் மட்டும் இந்த மண் வைத்தியம் செல்லாது. குளிக்கிற தண்ணியில் மலக்கிருமி 100 மில்லிக்கு 500க்குள் இருப்பது நல்லது, 2500ஐத் தாண்டவே கூடாது என்று விதி இருக்கிறது. ஒரு கிராம் மலத்தில் கிருமிகள் கோடிக்கணக்கில் இருக்கும். தற்காலிகக் கழிப்பறை போட்டிருந்தால் வரிசை எவ்வளவு நீளமாக இருந்தாலும் நின்றே ஆகணும். அதிலும் ஒரு விஷயம். சிலர் நாற்றம் தெரியாமலிருக்கப் பினாயிலையும் ஆசிட்டையும் பாட்டில் பாட்டிலாக ஊற்றுகிறார்கள். செப்டிக் டாங்கில் வேலை செய்கிற பாக்டீரியா செத்துப்போனால் அது வெறும் தொட்டிதான். கேரவன்காரர்களுக்கும் இதே தொல்லை உண்டு. கக்கூஸ் பெட்டியில் ஊற்றுகிற நீல மருந்துகளில் பார்மால்டிஹைடு கலந்த வகை இருக்கிறது. செப்டிக் டாங்க் உள்ள பல மைதானங்களில் அதை அனுமதிப்பதில்லை.

சொரிமுத்து அய்யனார் கோயிலில் தென்னை மேடும் கிடையாது, காப்பகத்துக்குள் நாமாக மண்வெட்டியைத் தூக்குவதும் சரியில்லை. அங்கே வனத்துறை காட்டுகிற இடத்தில்தான் எல்லாம். அதனால் வரப்போகும் ஆடிக்கு வீட்டில் பேசி வைத்திருக்கிறோம். கறி சமைப்பதைக் கோயிலை விட்டு இறங்கி ஊருக்கு வந்தபின் வைத்துக்கொள்வது, மலையில் எண்ணெய்ச் சட்டியே கூடாது, ஆற்றில் முங்கிக் குளிக்கலாம் ஆனால் சோப்பு, ஷாம்பு பை வீட்டிலேயே இருக்கணும், பாத்திரத்தைக் கரையை விட்டுத் தள்ளி வாளியில்தான் கழுவணும். பெரியப்பா எல்லாத்துக்கும் தலையாட்டிவிட்டு, "அந்த வாளிய எண்பது எட்டு யாருல சுமக்கது?" என்று கேட்டார்.

நான்தான் என்று சொல்லியிருக்கிறேன்.