காதுமடல் கிழிவு

காதுமடல் கிழிவு என்பது காதணி துளையிட்ட இடத்தில் மடலின் கீழ்ப்பகுதி பகுதியாகவோ முழுவதுமாகவோ அறுந்து போகும் காயம் ஆகும். இப்பகுதியில் குருத்தெலும்பு கிடையாது. தோலும் கொழுப்பும் இணைப்புத் திசுவுமே உள்ளன. எனவே பாரம் தொங்கினால் மடல் எளிதில் நீள்கிறது, மெலிகிறது.

வளர்த்த காது

மதுரை, தேனி மாவட்டங்களிலும் திருநெல்வேலிச் சீமையிலும் காது வளர்த்துப் பாம்படம், தண்டட்டி அணியும் வழக்கம் இருந்தது. சிறுவயதில் காது குத்தி, துளையில் பஞ்சும் ஓலைச்சுருளும் செருகிப் பெரிதாக்கி, பின்னர் குணுக்கு எனும் ஈய வளையத்தைத் தொங்கவிடுவர். மடல் தோள்வரை நீளும். கம்பம் பள்ளத்தாக்கின் மூதாட்டிகள் சிலரிடம் இத்தகைய காதுகளை இன்றும் காணலாம்.

காரணங்கள்

* கனமான காதணிகளை நெடுநாள் அணிதல்
* குழந்தைகள் காதணியைப் பிடித்து இழுத்தல்
* காதணி உடையிலோ தலைமுடியிலோ சிக்குதல்
* நகைப் பறிப்பு
* துளையில் சீழ் பிடித்தல், உலோக ஒவ்வாமை

முதலுதவி

சுத்தமான துணியால் காயத்தை 10 முதல் 15 நிமிடங்கள் விடாமல் அழுத்த வேண்டும். காப்பித்தூள், சுண்ணாம்பு, மஞ்சள் போன்றவற்றை அப்பக்கூடாது. அவை காயத்தில் அழுக்கையும் கிருமியையும் சேர்க்கும். துண்டான சதையை ஈரத்துணியில் சுற்றி நெகிழிப்பையில் இட்டு, அப்பையைப் பனிக்கட்டியின் மேல் வைத்துக் கொண்டுசெல்ல வேண்டும். சதை பனிக்கட்டியை நேரடியாகத் தொடக்கூடாது. இரணஜன்னித் தடுப்பூசி தேவையா என மருத்துவர் முடிவு செய்வார்.

சிகிச்சை

புதிய காயத்தைச் சுத்தம் செய்து தையல் போடுவர். பழைய கிழிவின் ஓரங்களில் தோல் மூடிவிடுவதால் அவை தாமாக ஒட்டுவதில்லை. அப்பகுதியை மட்டும் மரத்துப்போகச் செய்து, ஓரத்தோலை மெல்லச் சீவி நீக்கிய பிறகே தைப்பர். வளர்த்த காதில் மிகுதியான சதையையும் அகற்றுவர். பெரும்பாலும் அன்றே வீடு திரும்பலாம். நீரிழிவு நோயாளிகளுக்குக் காயம் ஆறத் தாமதமாகலாம். சிலருக்குத் தழும்பு தடித்து வளரும்.

தேனி மாவட்டத்தில் க.விலக்கில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவை அணுகலாம்.

தடுப்பு

உறங்கும்போது தொங்கட்டான்களைக் கழற்றிவிட வேண்டும். துளை கோடுபோல் நீளத் தொடங்கினால் கனமான அணியை நிறுத்த வேண்டும். தைத்த காதில் மீண்டும் துளையிடச் சில மாதங்கள் பொறுத்து, தழும்பைத் தவிர்த்துப் பக்கத்தில் குத்துவது நல்லது.