கொழுப்புக் குறைந்த இறைச்சி: யாருக்கு, எவ்வளவு?

ஞாயிற்றுக்கிழமை என்றால் நம் தோட்டப்புற இல்லங்கள் பலவற்றில் இறைச்சிக் குழம்பு கொதிக்கும். வாரம் முழுவதும் பால்மரக் காட்டிலும் செம்பனைக் காட்டிலும் உழைத்தவர்களுக்கு அந்த ஒரு வேளை உணவு விருந்துக்கு ஒப்பானது. ஆயினும், அந்த விருந்தைப் பற்றி நம்மிடையே இருவேறு கருத்துகள் நிலவுகின்றன. இறைச்சி உண்டால் இருதய நோய் வரும் என்று அஞ்சி அதனை அடியோடு விலக்குவோர் ஒரு சாரார். இறைச்சி இல்லாவிடில் உடலில் தெம்பு இராது என்று அளவின்றி உண்போர் மற்றொரு சாரார். இவற்றுள் எது சரி? கொழுப்புக் குறைந்த இறைச்சிக்கு நலம் தரும் உணவில் இடம் உண்டா? இதனை நாம் இங்கே ஆராய்வோம்.

சிவப்பு இறைச்சி என்பது யாது?

ஆடு, மாடு, எருமை, பன்றி ஆகியவற்றின் இறைச்சியைச் சிவப்பு இறைச்சி என்பர். நம் நாட்டுச் சந்தைகளில் கிடைக்கும் ஆட்டிறைச்சியில் பெரும்பகுதி ஆஸ்திரேலியாவிலிருந்தும் நியூசிலாந்திலிருந்தும் உறைய வைத்துக் கொண்டுவரப்படுகிறது. மாட்டிறைச்சி என்னும் பெயரில் விற்கப்படும் உறைந்த இறைச்சியில் கணிசமான பகுதி இந்தியாவிலிருந்து வரும் எருமை இறைச்சியாகும்.

மாட்டிறைச்சியை உண்பதும் தவிர்ப்பதும் அவரவர் சமயத்தையும் குடும்ப மரபையும் பொறுத்தது. அதனை உண்ணாதவர் அதன் சத்துகளை வேறு உணவுகளிலிருந்து பெற முடியும். மாட்டிறைச்சியைத் தடித்த துண்டாக வாட்டி உண்ணும் ஸ்டேக்குக்கும் நம் வீட்டு ஆட்டுக்கறிக் குழம்புக்கும் உடல்நல விதி ஒன்றுதான்: எந்தப் பகுதி, எவ்வளவு, எவ்வாறு சமைத்தது என்பவற்றைப் பார்க்க வேண்டும்.

அதில் அடங்கியுள்ள சத்து

கொழுப்பு நீக்கிய பச்சை இறைச்சி 100 கிராமில் ஏறத்தாழ 20 கிராம் புரதம் உண்டு. இரும்புச் சத்து 2 முதல் 3 மில்லிகிராம் வரை இருக்கும். துத்தநாகமும், தாவர உணவில் இயல்பாகக் கிடைக்காத வைட்டமின் பி12-உம் அதில் உள்ளன.

இவற்றுள் இரும்புச் சத்தே நம் கவனத்திற்கு முதலில் உரியது. கீரையிலும் பருப்பிலும் இரும்பு இருக்கிறது. ஆனால், தாவர உணவிலுள்ள இரும்பில் 2 முதல் 20 விழுக்காடு மட்டுமே உடலில் சேரும். இறைச்சியின் சிவப்பு நிறத்தோடு இணைந்துள்ள இரும்பிலோ 15 முதல் 35 விழுக்காடு வரை சேர்கிறது. அன்றியும், இறைச்சியோடு கீரையைச் சேர்த்து உண்ணும்போது கீரையிலுள்ள இரும்பும் கூடுதலாக உட்கொள்ளப்படுகிறது.

இது ஏன் முக்கியம்? 2019-ஆம் ஆண்டில் நடத்தப்பட்ட தேசிய உடல்நல ஆய்வின்படி, நம் நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களுள் பத்தில் மூவர் இரத்தசோகைக்கு ஆளாகியிருந்தனர். இரத்தசோகை உள்ளவருக்குச் சிறிது தூரம் நடந்தாலே மூச்சு வாங்கும். மேட்டில் ஏறினால் கண் இருளும். கர்ப்பிணிக்கு அது ஏற்பட்டால் குறைமாதப் பிரசவமும் எடை குறைந்த குழந்தையும் நேரும் வாய்ப்பு மிகுகிறது.

குழம்பு யாருக்கு, துண்டு யாருக்கு?

இந்த இடத்தில் நம் வீட்டு வழக்கம் ஒன்றை எண்ணிப் பார்ப்போம். ஒரு கிலோ எலும்பில்லாத இறைச்சியைச் சமைத்தால் ஏறத்தாழ 700 கிராம் ஆகும். ஐவர் உள்ள குடும்பத்தில் சமமாகப் பகிர்ந்தால் ஆளுக்கு 140 கிராம் கிடைக்கும். நடைமுறையில் அவ்வாறு நிகழ்கிறதா? குடும்பத் தலைவருக்கும் ஆண் பிள்ளைகளுக்கும் முதலில் பரிமாறப்படுகிறது. எல்லாரும் உண்டு எழுந்த பின்னர் சட்டியில் எஞ்சிய குழம்பைச் சோற்றில் பிசைந்து உண்கிறார் தாய். மாதவிடாய்ப் பருவத்துப் பெண்ணுக்கு ஆணைவிட ஏறத்தாழ இரு மடங்கு இரும்புச் சத்து தேவை. மிகுதியாகத் தேவைப்படுபவருக்கு மிகக் குறைவாகக் கிடைப்பது அன்பினால் விளையும் வழக்கமே ஆயினும், அதனால் குடும்பம் முழுவதற்கும் தீங்கு விளைகிறது.

எலும்புச் சாறு குடித்தால் இரத்தம் ஊறும் என்று நம்புவோர் உளர். சாற்றில் சுவை உண்டு. இரும்புச் சத்து மிகக் குறைவு. சத்து சதைத் துண்டில்தான் உள்ளது. ஈரலில் இரும்புச் சத்து ஏராளம் என்பது உண்மை. எனினும், அதில் வைட்டமின் ஏ மிக அதிகமாக இருப்பதால் கர்ப்பிணிகள் ஈரலைத் தவிர்ப்பது நல்லது.

அஞ்ச வேண்டியது எது?

இறைச்சியின் வெண்மையான கொழுப்பு இரத்தத்தில் தீய கொலஸ்ட்ராலை உயர்த்தி இருதய நோய்க்கு வழி கோலுகிறது. ஆதலின் தொடைப் பகுதியைக் கேட்டு வாங்குதல் நன்று. நெஞ்சுப் பகுதியிலும் விலாப் பகுதியிலும் கொழுப்பு மிகுதி. மாட்டிறைச்சி உண்போருக்கும் பின்தொடையும் இடுப்புப் பகுதியும் ஏற்றவை. 100 கிராமில் 10 கிராமுக்குக் குறைவான மொத்தக் கொழுப்பும், 4.5 கிராமுக்கு மேற்படாத நிறைவுற்ற கொழுப்பும், 95 மில்லிகிராமுக்குக் குறைவான கொலஸ்ட்ராலும் கொண்ட இறைச்சியையே கொழுப்புக் குறைந்தது என்று அமெரிக்க உணவு விதிகள் வரையறுக்கின்றன.

புற்றுநோயைப் பற்றியும் அறிந்துகொள்ள வேண்டும். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, பதப்படுத்திய இறைச்சி புற்றுநோயை உண்டாக்கும் என்று 2015-இல் அறிவித்தது. சிவப்பு இறைச்சியை அவ்வாறு உண்டாக்கக்கூடும் என்னும் பிரிவில் சேர்த்தது. சாசேஜ், ஹேம், உப்பிட்டு டின்னில் அடைத்த இறைச்சி முதலியவை பதப்படுத்திய வகையைச் சேர்ந்தவை. பள்ளிப் பிள்ளைகளுக்கு இவற்றை நாள்தோறும் கொடுத்தனுப்புதல் தகாது. சிவப்பு இறைச்சியைப் பொறுத்தவரை, சமைத்த எடையில் வாரத்திற்கு 350 முதல் 500 கிராம் வரை போதும் என்று உலகப் புற்றுநோய் ஆய்வு நிதியம் பரிந்துரைக்கிறது. மேலே கூறியவாறு பகிர்ந்துண்ணும் குடும்பம் வாரம் இருமுறை இறைச்சி சமைத்தாலும் ஆளுக்கு 280 கிராம்தான் ஆகும்.

கொழுப்பு இறைச்சியிலா, குழம்பிலா?

நன்கு கொழுப்பு நீக்கிய வெள்ளாட்டு இறைச்சி 100 கிராமில் 2 அல்லது 3 கிராம் கொழுப்பே உண்டு. 100 கிராம் கெட்டித் தேங்காய்ப்பாலிலோ ஏறத்தாழ 20 கிராம் கொழுப்பு உள்ளது; அதில் பெரும்பகுதி நிறைவுற்ற கொழுப்பு. கொழுப்பில்லாத துண்டைத் தேடி வாங்கி, அதனைக் கெட்டித் தேங்காய்ப்பாலிலும் நெய்யிலும் சமைத்தால் தேடியதன் பயன் என்ன?

ஆகவே, சமைக்கும் முறையிலும் நாம் கருத்தைச் செலுத்த வேண்டும். கண்ணுக்குத் தெரியும் கொழுப்பை வெட்டி எறிந்துவிடுக. இறைச்சியை முதலில் வேக வைத்து, அந்நீரை ஆற வைத்தால் கொழுப்பு மேலே ஏடாகப் படியும். அதனை வழித்து அகற்றிவிட்டுக் குழம்பு வைக்கலாம். தேங்காய்ப்பாலைக் குறைத்து, தக்காளி, வெங்காயம், மிளகு, சீரகம் ஆகியவற்றால் சுவை கூட்டலாம். நெருப்பில் வாட்டுவோர் இறைச்சி கருகாதவாறு பார்த்துக்கொள்ள வேண்டும். கருகிய பகுதியில் தீய பொருள்கள் உண்டாகின்றன. உப்பையும் மறத்தலாகாது. ஒருவருக்கு நாளொன்றுக்கு எல்லா உணவிலும் சேர்த்து 5 கிராமுக்குள் உப்பு இருக்க வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அறிவுரை.

தட்டில் அதற்குரிய இடம்

நமது சுகாதார அமைச்சு 'கால், கால், அரை' என்னும் எளிய கணக்கை எடுத்துரைக்கிறது. தட்டின் கால் பகுதியில் சோறு. இன்னொரு கால் பகுதியில் மீன், கோழி, இறைச்சி, முட்டை அல்லது பருப்பு வகை. எஞ்சிய அரைப் பகுதியில் காய்கறியும் பழமும். இறைச்சியின் அளவு ஓர் உள்ளங்கைக்கு மேற்பட வேண்டியதில்லை. மற்ற நாள்களில் மீன், கோழி, முட்டை, பருப்பு ஆகியவை அந்த இடத்தைப் பெறட்டும்.

இறைச்சியே உண்ணாதவர்கள் பருப்பு, கொண்டைக்கடலை, தெம்பே, முருங்கைக்கீரை முதலியவற்றைக் கொய்யா, எலுமிச்சை போன்ற வைட்டமின் சி மிகுந்தவற்றோடு சேர்த்து உண்டால் இரும்புச் சத்து நன்கு சேரும். பால், தயிர், முட்டை ஆகியவற்றிலிருந்து வைட்டமின் பி12 கிடைக்கும். அவற்றையும் விலக்கியவர்கள் மாத்திரை பற்றி மருத்துவரைக் கேட்க வேண்டும். உணவு உண்ட கையோடு தேநீர் அருந்தும் பழக்கம் நம்மிடையே மிகுதி. தேநீர் இரும்புச் சத்தைத் தடுப்பதால் ஒரு மணி நேரம் கழித்து அருந்துதல் சிறந்தது. சிறுநீரக நோயோ, யூரிக் அமிலத்தால் வரும் மூட்டு வீக்கமோ உடையவர்கள் இறைச்சியின் அளவை மருத்துவரிடம் கேட்டே முடிவு செய்ய வேண்டும்.

கொழுப்புக் குறைந்த இறைச்சிக்கு நம் உணவில் இடம் உண்டு என்பது இதனால் தெளிவாகும். அது பெரிய இடமன்று. தட்டில் கால் பங்கு, வாரத்தில் ஓரிரு நாள். தாய்மார்கள் உடற்சோர்வையும் மயக்கத்தையும் வேலைக் களைப்பு என்று ஒதுக்கிவிடாது, அருகிலுள்ள அரசாங்க மருந்தகத்தில் இரத்தப் பரிசோதனை செய்துகொள்வார்களாக. வரும் ஞாயிற்றுக்கிழமை குழம்பை இறக்கியதும், சமைத்தவருடைய பங்கை முதலில் எடுத்து வைத்துவிட்டு மற்றவர்கள் உண்ண அமர்வோமாக.