கரியமில வாயுக் கணக்கும் நமது சங்கங்களும்

வரவு செலவை ஏட்டில் பதிவது நமது அங்கத்தினர்களுக்குப் பழகிய காரியம். எத்தனை கட்டு நூல் வந்தது, எத்தனை சேலை இறங்கிற்று, எத்தனை மூட்டை நெல் கிடங்கில் உள்ளது என்று சொல்ல இயலாத சங்கம் நெடுநாள் நிலைப்பதில்லை. இப்பொழுது தொழில் உலகில் மற்றொரு கணக்கும் கேட்கப்படுகிறது. ஒரு பொருளை உற்பத்தி செய்யும்பொழுது எவ்வளவு கரியமில வாயு காற்றில் கலந்தது என்பதே அது.

கொரட்டூரை அடுத்து, 1964-இல் ஏற்பட்ட அம்பத்தூர் தொழிற்பேட்டையில், பெரிய மோட்டார்க் கம்பெனிகளுக்கு உதிரிப் பாகங்கள் செய்து கொடுக்கும் சிறு பட்டறைகள் பல உள. பெரிய கம்பெனியிடம் கேட்கப்படும் கணக்கு, அதற்குச் சரக்குக் கொடுப்பவரிடமும் நாளடைவில் வந்து சேருவது இயல்பு. உதிரிப் பாகத்திற்கு நேர்வது துணிக்கும் தானியத்திற்கும் நேரலாம். ஆதலின் இவ்விஷயத்தை நாமும் அறிந்து வைத்தல் நலம்.

விதி யாது?

பங்குச் சந்தையில் இடம் பெற்ற கம்பெனிகளுள் மதிப்பில் முதன்மையான ஆயிரமும் 2022-23 முதல் பொறுப்பறிக்கை ஒன்றை ஆண்டுதோறும் வெளியிட வேண்டும் என்று, செபி எனப்படும் பங்குப் பரிவர்த்தனை வாரியம் 2021-இல் விதித்தது. கரியமில வாயு, நீர், கழிவு முதலியவற்றின் அளவுகள் அதில் அடங்கும். 2023-இல் அவற்றுள் முக்கியமானவை தனியே தொகுக்கப்பட்டு, வெளியார் சரிபார்க்க வேண்டும் என்பதும் படிப்படியாக விதிக்கப்பட்டது.

ஆலோசனைக் குழு எதற்கு?

விதி எழுதுவது எளிது. அதன்படி அளப்பது அரிது. கொதிகலனில் எரிந்த நிலக்கரியை எவ்வாறு கணக்கிடுவது, வாங்கிய மின்சாரத்தை எங்கே சேர்ப்பது என்பன தொழிலில் கை பழகியவர்க்கே நன்கு விளங்கும். ஆகவே அசோசேம், இந்தியத் தொழிற் கூட்டமைப்பு, ஃபிக்கி ஆகிய மூன்று சங்கங்களின் பிரதிநிதிகள், பங்குச் சந்தைகளின் ஆதரவில் ஒரு மன்றமாகக் கூடி, வாரியத்துடன் கலந்து, கணக்கிடும் நியமங்களை வகுத்தனர். அவற்றைக் கம்பெனிகள் பின்பற்ற வேண்டும் என்று வாரியம் 2024 டிசம்பர் 20 அன்று சுற்றறிக்கை விடுத்தது.

இதனால் விளையும் நன்மை வெளிப்படை. ஆளுக்கொரு படியால் அளந்தால் ஒப்பிட இயலாது. யாவர்க்கும் ஒரே படி இருத்தல் வேண்டும். எனினும் அளக்கப்படுபவரே படியைச் செய்வதில் ஓர் அபாயமும் உண்டு. சங்கத்தின் கணக்கைச் சங்கத்தின் நிர்வாகிகளே தணிக்கை செய்ய நாம் விடுவதில்லை. அதுபோலவே குழு யோசனை கூறலாம்; ஆணையிடுவதும் சரிபார்ப்பதும் பிறர் கையில் இருத்தல் வேண்டும்.

நமக்கு அதனினும் முக்கியமானது, அம்மேசையில் யார் அமர்கின்றனர் என்பது. மேற்சொன்ன மூன்றும் பெருந்தொழில்களின் குரல் ஓங்கிய சங்கங்கள். ஆலைக்குத் தனி மின் அளவி உண்டு. வீட்டில் தறி போட்டிருக்கும் நெசவாளிக்கோ, தறிமேல் எரியும் விளக்கும் சமையலறை விளக்கும் ஒரே அளவியில் ஓடுகின்றன. நமது மாநிலத்தில் பயிர்த்தொழிலுக்கு மின்சாரம் இலவசம். பல பம்பு செட்டுகளுக்கு அளவியே இல்லை. இவர்களிடம் மின் ரசீதைக் கேட்டால் எதைக் காட்டுவர்? இதை எடுத்துச் சொல்ல ஒருவர் அங்கே இருந்தால்தான், எளியவர்க்கும் இயன்ற முறை வகுக்கப்படும்.

இன்றைய நிலை

வீண் அச்சம் வேண்டாம். 2025 மார்ச் 28-இன் சுற்றறிக்கைப்படி, ஒரு கம்பெனியின் கொள்முதலில் 2 சதவிகிதமோ அதற்கு மேலோ தனியே தருபவரே இக்கணக்கில் சரக்குத் தருபவராகக் கருதப்படுவர். அவர்களைப் பற்றிய விவரமும் 2025-26 முதல், முதல் 250 கம்பெனிகள் தம் விருப்பப்படி தருவதேயாம். நமது சங்கங்களிற் பெரும்பாலானவை இவ்வளவை எட்டா. ஆகவே, "இந்த வாரிய விதிப்படி கட்டாயம்" என்று கூறி, சான்றிதழுக்குப் பணம் கேட்டு எவரேனும் வந்தால், ஆணையின் நகலைக் காட்டும்படி காரியதரிசி கேட்பாராக.

செய்யத்தக்கவை

கட்டாயம் இல்லை எனினும், ஏடு ஒன்று தொடங்குதல் நன்று. மாதந்தோறும் மின் யூனிட், டீசல் லிட்டர், சாயப் பட்டறையின் விறகு எடை ஆகிய மூன்றையும் எழுதினால் போதும். மின்கட்டமைப்பில் வரும் ஒரு யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோவும், ஒரு லிட்டர் டீசலுக்குச் சுமார் 2.7 கிலோவும் கரியமில வாயு எனக் கொள்ளலாம். ஒரு சங்கம் மாதம் 1,000 யூனிட்டும் 100 லிட்டர் டீசலும் செலவிட்டால், முறையே 700 கிலோவும் 270 கிலோவும், ஆக 970 கிலோ ஆகும். விறகால் வருவதைத் தனியே காட்டுவது உலக வழக்கு. அளவி இல்லாத பம்பு செட்டு ஓடிய மணி நேரத்தைக் குறிக்கலாம். 5 குதிரைச் சக்தி மோட்டார் மணிக்கு ஏறக்குறைய 4 யூனிட் கொள்ளும்.

இவ்வேட்டினால் உடனடி இலாபமும் உண்டு. எரிபொருள் வீணாகும் இடம் கண்ணிற்படும். மேலும், விதிகளின் நகல் வெளியாகிக் கருத்துக் கேட்கப்படும் காலங்கள் உண்டு. ஆலைகளின் வாயு வெளியேற்ற இலக்குகளின் நகலை 2025 ஏப்ரலில் வெளியிட்டபொழுது மத்திய அரசாங்கம் 60 நாள் அவகாசம் அளித்தது. அத்தகைய வேளையில் தனிச் சங்கத்தின் குரல் எட்டாது. 1935-இல் தோன்றிய கோ-ஆப்டெக்ஸ் போன்ற தலைமைச் சங்கங்களின் வாயிலாக, ஏட்டிலுள்ள எண்களோடு பேசினால் எட்டும். நம்மை அளக்கப் போகும் படியைச் செய்யுமிடத்தில் நாமும் இருக்க வேண்டுமாயின், முதலில் நமது கணக்கு நம் கையில் இருத்தல் வேண்டும்.