உஷார்! முந்திரிக் கொட்டையை கேஸ் அடுப்பில் சுடாதீர்கள்

பண்ருட்டிப் பக்கம் உறவுக்காரர் வீட்டுக்குப் போய்விட்டு நகரத்துக்குத் திரும்புகிறவர்களின் கட்டைப்பையில், கோடை வந்தால் பலாப்பழத்தோடு ஓடு நீக்காத முந்திரிக் கொட்டையும் வந்துவிடுகிறது. ஊரில் சுட்டுத் தின்ற ருசி நாக்கில் இருக்கும். ‘வாணலியில் போட்டு வறுத்து உடைத்தால் ஆயிற்று’ என்று வீட்டில் யாராவது கிளம்பினால், கையைப் பிடித்துத் தடுத்துவிடுங்கள். வேர்க்கடலை வறுப்பதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

முந்திரி ஓட்டின் இரண்டு அடுக்குகளுக்கு நடுவே சின்னச் சின்ன அறைகளில் கெட்டியான, கருஞ்சிவப்பு எண்ணெய் இருக்கிறது. கொட்டையின் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு அந்த எண்ணெய்தான். அனகார்டிக் அமிலமும் கார்டாலும் அதில் முக்கியமானவை. வண்டிகளின் பிரேக் லைனிங், பெயின்ட், வார்னிஷ் செய்ய ஆலைகள் இதை வாங்குகின்றன. பட்ட இடத்தில் தோல் வெந்து கறுக்கும், உரியும். சேராங்கொட்டை பட்டால் உடம்பு எப்படிக் கொப்பளிக்கும் என்று வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள். அதுவும் முந்திரியும் ஒரே குடும்பம், மாமரமும் அதே குடும்பம். மாங்காய்ப் பால் பட்டாலே வாயோரம் புண்ணாகிறவர்கள் முந்திரி ஓட்டின் பக்கமே போக வேண்டாம்.

சூடேறினால் ஓடு வெடித்து எண்ணெய் பீச்சி அடிக்கும். எழும் புகையும் எண்ணெயும் தீப்பிடிக்கும். கடலூர் மாவட்டத்துக் கிராமங்களில் அப்படிப் பிடிக்கட்டும் என்றே சுடுகிறார்கள். வெட்டவெளியில் ஓட்டைத் தகரத்தில் கொட்டையைப் போட்டு, நீளக் கழியால் கிளறி, புகை அடிக்காத பக்கம் நின்று, எரிகிற கொட்டைகளை மண்ணில் கவிழ்த்துத் தீயை அணைப்பார்கள். பிறகு சாம்பலில் புரட்டித்தான் உடைப்பார்கள். நம் அடுக்குமாடிச் சமையலறையில் தலைக்கு மேல் மர அலமாரி, பிசுக்கேறிய சிம்னி, காலடியில் சிலிண்டர். தீ எங்கே போகும், யோசியுங்கள்!

மீறி நடந்து தீப்பிடித்துவிட்டால் தண்ணீர் ஊற்றவே கூடாது. எரிகிற எண்ணெயில் தண்ணீர் விழுந்தால் தீ சிதறிப் பரவும். கைக்கு எட்டினால் அடுப்பை அணைத்து, வாணலியைத் தட்டால் மூடிவிடுங்கள். எட்டாவிட்டால் எல்லோரும் வெளியேறி 101-ஐ அழையுங்கள்.

தீயே பிடிக்காவிட்டாலும் புகை சும்மா விடாது. கண் எரியும், தொண்டை கமறும், இருமல் வரும். ஜன்னல் வழியாக அது மேல்மாடி வீட்டுக்குள் போகும். அங்கே வீசிங் இருக்கிற குழந்தை படுத்திருக்கலாம்.

‘சுட வேண்டாம், குக்கரில் அவித்துவிடலாம்’ என்பார்கள். ஆலைகளில் ஆவியில் வேகவைத்த பிறகும் எண்ணெய் ஓட்டுக்குள்ளேயேதான் இருக்கும். அதனால்தான் அங்கே கொட்டை உடைக்கும் பெண்கள் காப்புக்கு வேறொரு எண்ணெயைக் கையில் தடவிக்கொண்டு உட்காருகிறார்கள். அப்படியும் விரல் கறுத்துப் புண்ணானவர்கள் எத்தனையோ பேர். நீங்கள் அவித்த குக்கரிலேயே மறுநாள் சோறு பொங்குவீர்கள். அரிவாள்மனையில் பச்சையாகப் பிளப்பது அதைவிட மோசம். எண்ணெய் முழு வீரியத்தோடு முகத்தில் தெறிக்கும். மைக்ரோவேவ், ஏர் பிரையர் என்று எந்தப் புதுச் சாமானும் வேண்டாம்.

எண்ணெய் பட்டுவிட்டால் உடனே சோப்புப் போட்டு, நிறையத் தண்ணீரில் திரும்பத் திரும்பக் கழுவுங்கள். அந்தக் கையால் கண்ணைத் தொடாதீர்கள். கண்ணிலேயே பட்டிருந்தால் கால் மணி நேரமாவது ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். முதல் நாள் ஒன்றும் தெரியவில்லையே என்று இருந்துவிடாதீர்கள், அரிப்பும் கொப்புளமும் இரண்டு மூன்று நாள் கழித்துக்கூட வரும். தோலில் படாமல் வயிற்றுக்குள் போனாலும் ஓடு சும்மா விடாது. 1982-ல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் பாக்கெட் முந்திரி தின்ற 54 பேருக்கு உடம்பெல்லாம் தடித்து அரித்தது. பருப்போடு ஓட்டுத் துணுக்குகள் கலந்திருந்ததுதான் காரணம்.

குழந்தைகள் விஷயத்தில் இன்னும் கவனம். முந்திரிப் பழம் சிவப்பும் மஞ்சளுமாகக் கண்ணைப் பறிக்கும். கொட்டை அதன் அடியில் தொங்கும். பழத்தைக் கடிக்கிற பிள்ளை கொட்டையையும் சேர்த்துக் கடித்துவிட்டால் உதடும் நாக்கும் வெந்துபோகும். கொட்டையைத் திருகி எடுத்துத் தூரப் போட்டபிறகே பழத்தைக் கையில் கொடுங்கள்.

கடையில் ‘பச்சை முந்திரி’ என்று விற்கும் வெள்ளைப் பருப்பைப் பற்றிப் பயம் வேண்டாம். அது ஆலையில் சூடுபடுத்தி, ஓடும் உள்தோலும் நீக்கி வந்தது. ஓட்டோடு கொட்டை ஏற்கெனவே வீட்டுக்கு வந்துவிட்டதா? நன்றாகக் காய்ந்த கொட்டை மாதக்கணக்கில் கெடாது. சாக்கில் கட்டி, பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். அடுத்த முறை பண்ருட்டி போகும்போது எடுத்துப் போய், கொட்டை உடைத்துப் பழகியவர்களிடம் கொடுத்துப் பருப்பாக வாங்கி வாருங்கள்.