கிறீமும் பம்பும்: உடல் தன்னையே தாக்கும் நோய்க்கு மருந்து போகும் வழி

பொரளை டொக்டர் டனிஸ்டர் டி சில்வா மாவத்தையில் இருக்கும் மருத்துவ ஆராய்ச்சி நிறுவகத்தை கொழும்பில் பலரும் 'எம்.ஆர்.ஐ.' என்றே சொல்வார்கள். ஸ்கான் எடுக்கும் இடமென்று நினைத்து அங்கு போய்த் திரும்பியவர்களும் உண்டு. ஆனால் அங்கு நடப்பது ஆய்வுகூட வேலை. நாட்டின் அரச வைத்தியசாலைகளில் எடுக்கப்படும் இரத்த மாதிரிகளில், சாதாரண ஆய்வுகூடங்களில் செய்ய முடியாத பரிசோதனைகளுக்கு உரியவை இங்கே வருகின்றன. உடலின் நோயெதிர்ப்புச் சக்தி உடலுக்கு எதிராகவே திரும்பிவிட்டதா என்பதைப் பார்க்கும் பரிசோதனைகளை இதன் நோயெதிர்ப்பியல் பிரிவு செய்கிறது.

1900இல் பாக்டீரியவியல் நிறுவகமாகத் தொடங்கிய இடத்திலிருந்தே இந்நிறுவகம் வளர்ந்தது. வன்னிக் கிராமங்களை ஒருகாலத்தில் வாட்டிய பரங்கிப் புண்ணுக்குக் காரணமான கிருமியை, கொழும்பில் பணியாற்றிய இத்தாலிய மருத்துவர் அல்டோ கஸ்டெலானி 1905இல் கண்டறிந்தார். அன்றைய தோல்நோய் வெளியிலிருந்து வந்த கிருமியால் உண்டானது. இன்று தோல் கிளினிக்குகளில் நீண்டகாலம் சிகிச்சை பெறுபவர்களில் பலருக்கு எதிரி வெளியே இல்லை.

எதிரி யார்?

தோலைத் தாக்கும் தன்னுடல் தாக்கு நோய்கள் பல. வெண்புள்ளி நோயில், தோலுக்கு நிறம் கொடுக்கும் கலங்களை வெண்குருதிக் கலங்கள் அழிக்கின்றன. சொரியாசிஸில் அதே வகைக் கலங்கள் தோலில் அழற்சியை உண்டாக்க, தோல் மிக வேகமாகப் புதிதாகி, தடித்துச் செதில் செதிலாக உதிர்கிறது. லூபஸ் முகத்தில் சிவந்த படையாகத் தொடங்கி சிறுநீரகம் வரை போகலாம். பெம்பிகஸ் இவற்றுள் கொடியது. செங்கற்களுக்கு இடையிலுள்ள சாந்து போல தோல்கலங்களைப் பிணைத்து வைத்திருக்கும் புரதத்தை நோயெதிர்ப்புப் பொருட்கள் தாக்குவதால், தோலும் வாயின் உட்புறமும் கொப்புளமாகிப் பிய்ந்துவிடும். ஸ்டீரொய்ட் மருந்துகள் வருவதற்கு முன்னர் பெம்பிகஸ் வந்தவர்களில் பெரும்பாலானோர் இறந்துபோனார்கள்.

இவற்றில் ஒன்றுகூடத் தொற்றாது. ஒரே கோப்பையில் தேநீர் குடிப்பதாலோ, ஒரே பாயில் படுப்பதாலோ பரவாது. வெண்புள்ளியை 'வெண்குட்டம்' என்று சொல்லிச் சொல்லியே அதைத் தொழுநோயோடு சேர்த்துவிட்டோம். இரண்டுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. இந்தப் பெயரால் நின்றுபோன கலியாணங்கள் எத்தனையோ.

போரும் மனமும் தோலும்

'எல்லாம் யோசனையால் வந்தது' என்று வீட்டில் சொல்வார்கள். அதில் எவ்வளவு உண்மை? 2018இல் ஜாமா மருத்துவ இதழில் வெளியான சுவீடன் நாட்டு ஆய்வு, பெரும் அதிர்ச்சிக்குப் பின்னான மனவடு உள்ளிட்ட நெருக்கீட்டு நோய்கள் கண்டறியப்பட்ட ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டவர்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்தது. அத்தகைய நோய் இல்லாதவர்களோடு ஒப்பிடுகையில், அவர்களிடம் தன்னுடல் தாக்கு நோய்கள் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு கூடுதலாக ஏற்பட்டிருந்தன. மனவடுவுக்கு ஆரம்பத்திலேயே மருந்துச் சிகிச்சையைத் தொடர்ந்து பெற்றவர்களிடம் அந்தக் கூடுதல் அளவு குறைவாக இருந்தது.

இதை வைத்து 'போர்தான் இந்த நோயைத் தந்தது' என்று தனி ஒருவருக்குச் சொல்ல முடியாது. பரம்பரை, தொற்றுகள், வேறு பல காரணங்களும் சேர்ந்தே நோயை உண்டாக்குகின்றன. ஆனால் போர் எங்கள் மக்களின் மனங்களில் விட்டுச்சென்ற காயத்தை மனநல வைத்தியர் தயா சோமசுந்தரம் போன்றோர் பல தசாப்தங்களாக எழுதி வந்திருக்கிறார்கள். நித்திரையின்மையும் பழைய நினைவுகளும் தோல் கிளினிக்கில் சொல்லக்கூடாத விடயங்கள் அல்ல. வைத்தியர் கேட்காவிட்டாலும் சொல்லலாம்.

தோலிலிருந்து நுரையீரலுக்குப் போன மருந்து

1948இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் மூட்டுவாத நோயாளி ஒருவருக்கு கோர்ட்டிசோன் ஏற்றப்பட்டது. படுக்கையில் கிடந்தவர் சில நாட்களில் நடந்தார். 1950இல் அந்தக் கண்டுபிடிப்புக்கு நோபல் பரிசு கிடைத்தது. விரைவிலேயே மறுபக்கமும் தெரிந்தது. மாதக்கணக்கில் மாத்திரையாக எடுத்தவர்களுக்கு முகம் ஊதியது, சீனி ஏறியது, எலும்பு தேய்ந்தது, தொற்றுகள் வந்தன. மருந்து நோயுள்ள இடத்துக்கு மட்டும் போகாமல் முழு உடலுக்கும் போனதே காரணம்.

அன்றிலிருந்து ஆராய்ச்சியாளர்களின் கேள்வி ஒன்றுதான்: நோய் இருக்கும் இடத்துக்கு மட்டும் மருந்தை எப்படி அனுப்புவது? தோலுக்கு விடை இலகுவாகக் கிடைத்தது. 1952இல் ஹைட்ரோகோர்ட்டிசோன் பூசும் மருந்தாக வெற்றி கண்டது. 1962இல் இன்னொரு வழி பிறந்தது. ஸ்டீரொய்டைத் தோலில் பூசினால் இரத்தக் குழாய்கள் சுருங்கி அந்த இடம் வெளிறும். எவ்வளவு வெளிறுகிறது என்று பார்த்தே எந்த மருந்து எவ்வளவு வலியது என்று தரம் பிரித்தார்கள்.

பிரித்தானியாவின் கிளாக்ஸோ நிறுவனத்தில் டேவிட் ஜாக்கின் குழு இதே தோல் சோதனையைத் தொய்வுக்குப் பயன்படுத்தியது. மூச்சுக்குழாயின் உட்சுவரும் ஒரு மேற்பரப்புத்தான். தோலில் நன்றாக வேலை செய்து, விழுங்கப்பட்டால் விரைவில் செயலிழக்கும் மருந்து அங்கும் பொருந்தும் என்று எண்ணினார்கள். அப்படித் தெரிவானது பெக்லோமெத்தசோன். தோல் கிறீமாக இருந்த அது 1972இல் உள்ளிழுக்கும் மருந்தாகச் சந்தைக்கு வந்தது. இன்று எங்கள் அரச கிளினிக்குகளில் கொடுக்கப்படும் 'பம்ப்'களில் அதுவும் ஒன்று.

அளவைப் பாருங்கள். ஒரு பிரெட்னிசலோன் மாத்திரையில் 5 மில்லிகிராம் ஸ்டீரொய்ட். பம்பை ஒருமுறை அழுத்தினால் வருவது 100 மைக்ரோகிராம் என்றால், எடையில் அது மாத்திரையின் ஐம்பதில் ஒரு பங்கு. 'பம்ப் பழகிவிடும், மாத்திரைதான் நல்லது' என்ற ஊர்ப்பேச்சு உண்மைக்கு நேர்மாறானது.

இழுத்தால் தோல் ஆறுமா?

பம்பிலிருந்து வரும் துகள் ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்தில் ஒரு பங்கு முதல் ஐந்து பங்கு வரை இருந்தால்தான் நுரையீரலின் உட்பகுதியை அடையும். பெரிய துகள் தொண்டையில் ஒட்டிவிடும். வழமையான பம்பில் பத்தில் ஒன்றிரண்டு பங்குதான் உள்ளே சேர்கிறது. ஆகவே நுரையீரலுக்கென்று தயாரித்த ஸ்டீரொய்டை இழுத்துத் தோல்நோயைக் குணமாக்க முடியாது. அது இரத்தத்துக்குள் அதிகம் போகக்கூடாது என்றுதானே தெரிவு செய்யப்பட்டது.

ஆனால் நுரையீரலை ஒரு வாசலாகப் பயன்படுத்தும் ஆய்வுகளும் நடக்கின்றன. உள்ளிழுக்கும் இன்சுலின் 2006இல் அறிமுகமாகி அடுத்த ஆண்டே விற்பனையிலிருந்து நீக்கப்பட்டது. வேறொரு வகை 2014இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. நுரையீரலைப் பாதிக்கும் ஓர் அரிய தன்னுடல் தாக்கு நோய்க்கு மொல்கிராமொஸ்டிம் என்ற மருந்தை இழுக்கக் கொடுத்துப் பயன் கண்ட ஆய்வு 2020இல் வெளியானது.

தோலுக்கும் புதிய வழிகள் திறந்துள்ளன. 2018இல் ரிட்டுக்சிமாப் என்ற ஊசி மருந்துக்கு பெம்பிகஸ் நோய்க்காக அமெரிக்கா அனுமதி வழங்கியது. 2022இல் வெண்புள்ளிக்கு ருக்சொலிட்டினிப் கிறீம் அனுமதிக்கப்பட்டது. கலங்களுக்குள் அழற்சிச் செய்தியைக் கடத்தும் ஜாக் எனும் நொதியை அது தடுக்கிறது. அதே குடும்ப மருந்துகள் மாத்திரையாக எடுக்கப்படும்போது மாரடைப்பு, இரத்தக்கட்டி ஆகியவற்றின் ஆபத்துக் குறித்து 2021இல் கடும் எச்சரிக்கை விடுக்கப்பட்டது. தொய்வுக்கு அந்த வகை மருந்தை இழுக்கும் தூளாகக் கொடுக்கும் சோதனைகளும் நடந்துள்ளன. ஐம்பது ஆண்டுகளுக்கு முன் ஸ்டீரொய்ட் போன பாதைதான் இது.

நோயாளர் கவனிக்க வேண்டியவை

வடக்கு கிழக்கிலிருந்து சிகிச்சைக்கு வந்து வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ உறவினர் வீட்டிலும் லொட்ஜிலும் தங்குபவர்களுக்கு இவை முக்கியம்.

முதலாவது, ஸ்டீரொய்ட் மாத்திரையைத் திடீரென நிறுத்தக்கூடாது. பல வாரங்கள் எடுத்தால் உடல் தன் சொந்தச் சுரப்பை நிறுத்திவிடும். மருந்து சட்டென்று நின்றால் இரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்தாகலாம். 2009 பெப்ரவரியில் புதுக்குடியிருப்பு வைத்தியசாலை ஷெல் வீச்சுக்குள்ளாகி வெளியேற்றப்பட்ட நாட்களை அறிந்தவர்களுக்கு, மருந்து நிற்பது என்றால் என்னவென்று சொல்லத் தேவையில்லை. இன்று இடம்பெயர்வு இல்லை. ஆனால் பஸ் காசு இல்லாமல் கிளினிக் திகதி தவறுவதும், 2022 நெருக்கடியில் நடந்ததுபோல் மருந்து தட்டுப்படுவதும் உண்டு. கையிருப்பு முடிவதற்கு முன்பே அருகிலுள்ள வைத்தியசாலையில் கிளினிக் கொப்பியைக் காட்டுங்கள்.

இரண்டாவது, காசநோய். முகாம்களில் நெருக்கமாக வாழ்ந்த பலரின் உடலில் அந்தக் கிருமி உறங்கிக் கிடக்கலாம். நோயெதிர்ப்பைக் குறைக்கும் மருந்துகள் அதை எழுப்பிவிடலாம். வீட்டில் யாருக்காவது காசநோய் இருந்திருந்தால், மருந்து தொடங்கும் முன் சொல்ல வேண்டும்.

மூன்றாவது, கடையில் வாங்கும் 'வெள்ளையாக்கும்' கிறீம்கள். சிலவற்றில் வலிமையான ஸ்டீரொய்டோ பாதரசமோ கலந்திருக்கும். தோல் மெலிந்து, நரம்பு தெரிந்து, நிறுத்தியதும் முகம் எரியும்.

நான்காவது, பம்ப். ஸ்டீரொய்ட் பம்பை இழுத்தபின் வாயைக் கொப்பளித்துத் துப்ப வேண்டும். பிள்ளைகளுக்கு ஸ்பேசர் தேவை. வாங்க வசதியில்லாவிட்டால், 500 மில்லிலீற்றர் பிளாஸ்டிக் போத்தலின் அடியில் பம்பின் வாய் அளவுக்குத் துளையிட்டு, இடைவெளியை ஒட்டி மூடிச் செய்தது வழமையான ஸ்பேசருக்கு நிகராக வேலை செய்ததாக 1999இல் தென்னாபிரிக்க ஆய்வு ஒன்று காட்டியது. எப்படிச் செய்வதென்று கிளினிக் தாதியரிடம் கேளுங்கள்.

கடைசியாக, மருந்தின் தரம். கட்டுப்படாத பெம்பிகஸ் போன்ற நோய்களுக்கு ஏற்றப்படும் மனித இம்யூனோகுளோபுலின் மருந்தே 2023இல் தரமற்றதாகக் கண்டறியப்பட்டது. அந்த விவகாரத்தில் முன்னாள் சுகாதார அமைச்சர் கெஹெலிய ரம்புக்வெல்ல 2024 பெப்ரவரியில் கைதுசெய்யப்பட்டார். ஏற்றப்படும் மருந்தின் பெயரைக் கேட்டு எழுதி வைப்பதும், ஏற்றும்போது நடுக்கமோ மூச்சுத்திணறலோ வந்தால் உடனே சொல்வதும் நோயாளரின் உரிமை. சிங்களம் தெரியாததால் அந்தக் கேள்வியைக் கேட்காமல் விடாதீர்கள். தமிழ் தெரிந்த ஒருவரை அழைக்கச் சொல்லிக் கேளுங்கள். அதுவும் உங்கள் உரிமைதான்.